ஏ கிரேடு வாங்குன கம்பெனி புகையே விடாதா? சுற்றுச்சூழல் கணக்கு வெளியிடுறதுன்னா என்னன்னு கொஞ்சம் பொறுமையா

போன வாரம் குடும்ப வாட்ஸப் குரூப்ல ஒரு ஃபார்வர்டு வந்துச்சு. ஏதோ ஒரு பெரிய கம்பெனி சுற்றுச்சூழலுக்கு உலக அளவுல "ஏ" கிரேடு வாங்கிடுச்சாம். கீழ ஏழெட்டு பேர் கைதட்டுற எமோஜி, அதுக்குக் கீழ என் சித்தப்பா "எல்லாம் ஃபிராடு, புகை விடாத கம்பெனி எதுடா இருக்கு"ன்னு ஒரு வாய்ஸ் நோட். எனக்கு சிரிப்பு வந்துச்சு, ஏன்னா கைதட்டுனவங்களும் சித்தப்பாவும் அந்த கிரேடு எதுக்குக் குடுத்ததுன்னு பாக்கவே இல்ல. அது "புகை விடல"ன்னு குடுத்த சர்டிஃபிகேட் கிடையாது. "எவ்வளவு விட்டேன்னு கணக்கு காமிச்சான், அதை வச்சு என்ன செய்யப் போறான்னும் சொன்னான்"னு குடுத்தது. இந்த ஒரு குழப்பத்தை எடுத்துட்டா பாதி சண்டை முடிஞ்சிடும், அதான் உக்காந்து எழுதுறேன்.

சுகர் டெஸ்ட் எடுத்தா சுகர் குறையுமா

குறையாது. லேப்ல ரத்தம் குடுத்துட்டு வந்தா ஒரு நம்பர் கைக்கு வரும், அவ்வளவுதான். ஆனா டெஸ்டே எடுக்காம "எனக்கெல்லாம் ஒண்ணும் இல்ல"ன்னு ஸ்வீட் சாப்பிடுற மாமா ஒருத்தர் எல்லார் வீட்லயும் இருப்பார்ல, அவருக்கும் மூணு மாசத்துக்கு ஒருக்கா டெஸ்ட் எடுத்து ரிப்போர்ட்டை ஃபைல்ல போட்டு வைக்கிற ஆளுக்கும் வித்தியாசம் இருக்கு. ரெண்டாவது ஆளுக்கு சுகர் 250 இருக்கலாம், ஆனா அவர்கிட்ட பேச ஒரு விஷயம் இருக்கு.

கம்பெனியும் நகரமும் தன்னால காத்து, தண்ணி, மண்ணு எவ்வளவு கெடுதுன்னு அளந்து, அதை ஊர் பாக்குற மாதிரி வெளியிடுறதுக்குப் பேருதான் டிஸ்க்ளோஷர், தமிழ்ல வெளிப்படுத்தல்னு வச்சுக்கலாம். டெஸ்ட் ரிப்போர்ட்டை ஃபைல்ல பூட்டி வைக்காம வாசல்ல ஒட்டுற மாதிரி.

வாசல்ல ஒட்டுனா என்ன ஆகும்? நம்ம ஊர்ல இதுக்குச் சரியான உதாரணம் மொய் நோட்டுதான். பேரு, ஊரு, தொகை, எல்லாம் ஒரே வரிசைல. சில ஊர்ல மைக்ல வேற படிப்பாங்க. யாரும் யாரையும் "1000 வை"ன்னு மிரட்டல, ஆனா எழுதுறாங்கன்னு தெரிஞ்சாலே கை கொஞ்சம் தாராளமாகும். பத்து வருஷம் கழிச்சு பழைய நோட்டை எடுத்துப் பாத்து ஒப்பிடவும் முடியும். ஒரே மாதிரி ஃபாரம், வருஷா வருஷம், யார் வேணா பாக்கலாம்: இந்த மூணும் இருந்தாத்தான் வெளிப்படுத்தல் வேலை செய்யும். ஆண்டறிக்கைல மரக்கன்று நடுற ஃபோட்டோ போடுறது இதுல சேராது, எத்தனை பேர் மண்வெட்டியோட சிரிச்சாலும் சேராது.

இது போபால்ல இருந்து கிளம்புன கதை

இதை வெள்ளைக்காரன் ஃபேஷன்னு நினைக்கிறவங்களுக்கு ஒண்ணு சொல்லணும். 1984 டிசம்பர் 2 ராத்திரி, விடிஞ்சா 3, போபால்ல யூனியன் கார்பைடு ஆலைல இருந்து மீத்தைல் ஐசோசயனேட் வாயு கசிஞ்சு ஆயிரக்கணக்கான ஜனம் செத்துச்சு. ஆஸ்பத்திரிக்கு கூட்டம் கூட்டமா வந்தவங்களுக்கு என்ன மருந்து குடுக்குறதுன்னு டாக்டர்களுக்கே தெரியல, ஏன்னா வந்திருக்கிறது என்ன வாயுன்னே தெளிவா யாரும் சொல்லல. பக்கத்துல இருக்கிற ஆலைக்குள்ள என்ன இருக்குன்னு ஊருக்குத் தெரியாததும் அந்தச் சாவுல ஒரு பங்கு.

1985 ஆகஸ்ட்ல அதே கம்பெனியோட அமெரிக்க ஆலை ஒண்ணுல, மேற்கு வர்ஜீனியா மாநிலத்துல, இன்னொரு கசிவு. அப்பதான் அங்க முழிச்சாங்க. 1986ல சட்டம் போட்டாங்க: இன்னின்ன நச்சுப் பொருளை காத்துல, தண்ணில, மண்ணுல எவ்வளவு விட்டீங்கன்னு ஒவ்வொரு ஆலையும் வருஷா வருஷம் சொல்லணும், அரசாங்கம் அதை ஆலை பேரோட வெளியிடும். அந்தப் பட்டியல்ல "குறைச்சே ஆகணும்"னு ஒரு வார்த்தை கிடையாது. சொன்னா போதும். ஆனா முதல் பட்டியல் வெளிய வந்ததுமே உள்ளூர் பேப்பர்ல "நம்ம மாவட்டத்துல முதல் பத்து" மாதிரி செய்தி, ஷேர் வச்சிருக்கிறவங்க கேள்வின்னு ஆரம்பிச்சு, அடுத்த பத்து வருஷத்துல அந்த எண்கள் நல்லாவே குறைஞ்சுது. அதுல கொஞ்சம் நிஜமான குறைப்பு, கொஞ்சம் கணக்குப் போடுற முறையை மாத்தி பேப்பர்ல மட்டும் குறைச்சதுன்னு விமர்சனமும் இருக்கு. ரெண்டையும் மனசுல வச்சுக்கோங்க, பின்னாடி வேணும்.

இதுவரைக்கும்: வெளிப்படுத்தல்னா அளந்து, ஒரே மாதிரி எழுதி, எல்லாரும் பாக்க வைக்கிறது. அதுவே குறைப்பு ஆகாது, ஆனா குறைக்கச் சொல்லி கேக்கிறதுக்கு கைப்பிடி.

சரி, அந்த நம்பர் எங்க இருந்து வருது

நிறைய பேர் ஃபேக்டரி புகைபோக்கில ஒரு மீட்டர் மாட்டி டன் கணக்குல அளக்குறாங்கன்னு நினைக்கிறாங்க. சில நச்சுப் புகைக்கு அப்படி கருவி உண்டு, ஆனா கார்பன் கணக்குல, அதாவது பூமியைச் சூடாக்குற வாயுவோட கணக்குல, பெரும்பாலும் அது கிடையாது. பில்லுதான். டீசல் பில்லு, கேஸ் பில்லு, ஈபி பில்லு. எவ்வளவு வாங்குனோம்னு பாத்து அதை ஒரு எண்ணால பெருக்குறாங்க. அந்தப் பெருக்கு எண்ணுக்குத்தான் எமிஷன் ஃபேக்டர்னு பேரு.

ஒரு கல்யாணத்தை எடுத்துக்குவோம். சமையலுக்கு 19 கிலோ கமர்ஷியல் சிலிண்டர் பத்து. ஒரு கிலோ கேஸ் எரிஞ்சா கிட்டத்தட்ட 3 கிலோ கார்பன் டை ஆக்சைடு வரும், அப்போ 190 கிலோவுக்கு 570. ஜெனரேட்டருக்கு 100 லிட்டர் டீசல்னா, லிட்டருக்கு சுமார் 2.7 கிலோ, 270. மண்டபத்துக்கு கரண்ட் 500 யூனிட், நம்ம நாட்டு கரண்ட்டுக்கு யூனிட்டுக்கு சுமார் 0.7 கிலோ (இந்த எண்ணை மத்திய மின்சார ஆணையம் வெளியிடுது), அது 350.

ஒரு லிட்டர் டீசலோட எடையே 1 கிலோ கிடையாது, அதுல இருந்து எப்படி 2.7 கிலோ வாயு வரும்னு கேட்டா, நியாயமான கேள்வி. டீசல்ல இருக்கிற கார்பன் எரியும்போது காத்துல இருந்து ஆக்சிஜனை சேத்துக்குது, அந்த எடையும் சேந்துதான் வெளிய போகுது. அரிசி சோறானா எடை கூடுதுல, தண்ணி சேருறதால, அந்த மாதிரி.

எல்லா வாயுவும் பூமியை ஒரே அளவு சூடாக்காது. குப்பை மேட்டுல இருந்து வர்ற மீத்தேன் ஒரு கிலோ, நூறு வருஷக் கணக்குல பாத்தா, கார்பன் டை ஆக்சைடு 28 கிலோவுக்கு சமம்னு வச்சிருக்காங்க. அதனால எல்லாத்தையும் கார்பன் டை ஆக்சைடா மாத்தி ஒரே எண்ணா சொல்றாங்க, டாலர், திர்ஹாம் எல்லாத்தையும் ரூபாய்க்கு மாத்திக் கூட்டுற மாதிரி. ரிப்போர்ட்ல "கார்பன் டை ஆக்சைடு ஈக்விவலன்ட்"னு நீளமா ஒண்ணு இருந்தா அது இதுதான்.

யார் கணக்குல எழுதுறது: ஸ்கோப் 1, 2, 3

இங்கதான் எல்லா விளையாட்டும். கல்யாண வீட்டுக்காரர் கணக்குல எது வரும்?

அடுப்பும் ஜெனரேட்டரும் அவங்க கைப்பட எரிச்சது, 840 கிலோ. இது ஸ்கோப் 1, நேரா நம்ம இடத்துல இருந்து போற புகை. கரண்ட்டை நாம எரிக்கல, எங்கயோ அனல் மின் நிலையத்துல நிலக்கரி எரிஞ்சுது, ஆனா நமக்காக எரிஞ்சுது. அந்த 350 கிலோ ஸ்கோப் 2. இப்போ விருந்தாளிங்க 40 கார்ல வந்தாங்க, காருக்கு 15 லிட்டர் பெட்ரோல்னு வச்சாலும் 600 லிட்டர், லிட்டருக்கு 2.3 கிலோன்னா 1380 கிலோ. நாம பத்திரிகை வச்சதாலதான வந்தாங்க? பந்திக்கு வாங்குன அரிசி விளைஞ்ச வயல்ல மீத்தேன், பட்டுப்புடவை, மிச்சமாகி குப்பைக்குப் போன சாப்பாடு. நமக்கு முன்னாடியும் பின்னாடியும் மத்தவங்க கையில நடக்கிறது எல்லாம் ஸ்கோப் 3.

பாத்தீங்களா, கார் பெட்ரோல் மட்டுமே முதல் ரெண்டையும் சேத்ததை விட ஜாஸ்தி. நிறைய தொழில்ல இதே கதைதான். கார் தயாரிக்கிற கம்பெனிக்கு ஃபேக்டரில எரியறதை விட அது வித்த கார் ரோட்டுல ஓடி எரிக்கிறதுதான் பல மடங்கு, அது ஸ்கோப் 3ல உக்காந்திருக்கு. அரியலூர் பக்கம் இருக்கிற மாதிரி சிமென்ட் ஆலைக்கு நேர் எதிர், சுண்ணாம்புக்கல்லை சூளைல போட்டு சுடும்போது கல்லுக்குள்ள இருந்தே கார்பன் டை ஆக்சைடு வெளிய வருது, எரிபொருளை மாத்துனாலும் அது நிக்காது, அதனால ஸ்கோப் 1 பூதாகரமா இருக்கும். ஓஎம்ஆர்ல இருக்கிற ஐடி கம்பெனிக்கு ஸ்கோப் 1னா பெரும்பாலும் ஜெனரேட்டரும் கம்பெனி வண்டியும்தான். சிமென்ட்டையும் ஐடியையும் பக்கத்துல பக்கத்துல வச்சு "இவங்க எவ்வளவு சுத்தம் பாரு"ன்னு போடுற சார்ட்டை எல்லாம் பாத்தா கிளாஸ் ரூம்ல எல்கேஜி பையனையும் பத்தாவது பையனையும் ஒரே ஓட்டப்பந்தயத்துல விட்ட மாதிரி இருக்கும்.

இந்த மூணு ஸ்கோப் பிரிவை ஜிஹெச்ஜி புரோட்டோகால்னு ஒரு விதிப்புத்தகம் கொண்டு வந்துச்சு, முதல் பதிப்பு 2001. ஸ்கோப் 3க்குன்னு தனி விதி 2011ல, அதுல மட்டும் 15 வகை.

இதுவரைக்கும்: பில்லு பெருக்கல் எமிஷன் ஃபேக்டர், அதுதான் எண். நாம எரிச்சது 1, நமக்காக கரண்ட்டுக்கு எரிச்சது 2, மத்ததெல்லாம் 3.

திருப்பூர்ல இது எப்படி வந்து இடிக்குது

என் மச்சான் ஒருத்தன் திருப்பூர்ல எக்ஸ்போர்ட் கம்பெனில மெர்ச்சண்டைசர். முன்னாடியெல்லாம் பையர் மெயில்ல ரேட்டும் ஷிப்மென்ட் தேதியும்தான் கேப்பான், இப்போ "போன வருஷம் எத்தனை யூனிட் கரண்ட், எத்தனை டன் விறகு, எத்தனை கிலோலிட்டர் தண்ணி"ன்னு ஒரு எக்செல் ஷீட் அனுப்புறான்னு புலம்புவான். "மாப்ள, இவன் டீஷர்ட் வாங்குறானா எங்க ஈபி கார்டை வாங்குறானா"ன்னு.

காரணம் மேல சொன்னதுதான். ஐரோப்பால இருக்கிற பிராண்டுக்கு சொந்தமா ஃபேக்டரியே இல்ல, கடையும் ஆபீஸும்தான். அவனோட ஸ்கோப் 1, 2 கொஞ்சூண்டு. டீஷர்ட்டோட நிஜமான புகை எல்லாம் நூல் மில்லு, நிட்டிங், டையிங் பாய்லர்ல இருக்கு. மச்சான் கம்பெனியோட ஸ்கோப் 1ம் 2ம்தான் அந்த பிராண்டோட ஸ்கோப் 3ல போய் சேருது. அவன் கணக்கை நிரப்ப இவன் பில்லு வேணும்.

இங்க ஒரு விஷயம் கொஞ்சம் நின்னு பாக்கணும். திருப்பூர் சாயப்பட்டறைகள் கழிவு நொய்யல்ல போய், 2011 ஜனவரில சென்னை உயர் நீதிமன்றம் பட்டறைகளை மூடச் சொன்னது ஞாபகம் இருக்கும். அதுக்கப்புறம் திறக்கணும்னா ஒரு சொட்டு கழிவுநீர் கூட வெளிய விடக்கூடாது, ஜீரோ லிக்விட் டிஸ்சார்ஜ்னு பேரு. அதுக்கு என்ன பண்றாங்க? ஆர்ஓ போட்டு தண்ணியை பிரிச்சு, மிஞ்சுற உப்புத் தண்ணியை எவாப்பரேட்டர்ல ஆவியாக்குறாங்க. ஆர்ஓவுக்கு கரண்ட், எவாப்பரேட்டருக்கு நீராவி, நீராவிக்கு பாய்லர். ஆக, ஆத்தைக் காப்பாத்த கார்பன் செலவாகுது. இப்போ வேற ஒரு நாட்டுல சாயத்தண்ணியை கொஞ்சமா சுத்தம் பண்ணி ஆத்துல விடுற மில்லையும் இதையும் கார்பன் எண்ணை மட்டும் வச்சு ஒப்பிட்டா, ஆத்துல விடுறவன் நல்லவனா தெரிவான். வெறும் கார்பன் கணக்கை மட்டும் பேசுறவங்களை எனக்குப் பிடிக்காததுக்கு இதுதான் காரணம். தண்ணி, கழிவு, கார்பன் மூணு எண்ணையும் ஒண்ணா கேக்கணும்.

நகரத்துக்கு ஸ்கோப் எப்படி

நகரமும் இதே மாதிரி கணக்கு குடுக்குது, அதுக்கு 2014ல தனி விதி வந்துச்சு. ஆனா கம்பெனிக்கு காம்பவுண்டு சுவர் இருக்கு, நகரத்துக்கு எல்லை எது?

சென்னையையே பாருங்க. மாநகராட்சி எல்லை 2011ல 174 சதுர கிலோமீட்டர்ல இருந்து 426 ஆச்சு. அதுக்கு முன்னாடி ஒரு கணக்கும் பின்னாடி ஒரு கணக்கும் எடுத்து "புகை ஏறிடுச்சு"ன்னா அது புகை ஏறுனதா, ஊரு பெருத்ததா? எண்ணூர் மாநகராட்சிக்குள்ள வருது, ஆனா முகத்துவாரத்துக்கு அந்தப் பக்கம் அத்திப்பட்டுல இருக்கிற வட சென்னை அனல் மின் நிலையம் திருவள்ளூர் மாவட்டம், எல்லைக்கு வெளிய. எண்ணூர்ல மாடில நின்னா புகைபோக்கி கண்ணுக்குத் தெரியும், சாம்பல் தூசும் வரும், ஆனா நகரத்தோட ஸ்கோப் 1ல அது வராது. சென்னை வாங்குற கரண்ட்டா ஸ்கோப் 2ல வேற வழியா உள்ள வரும். அங்க குடியிருக்கிறவங்க மூச்சு முட்டுறது எந்த ஸ்கோப்லயும் வராது, அதுக்கு காத்து தரக் கணக்கைத்தான் தனியா பாக்கணும். குப்பைக்கும் இதே சங்கதி, கொடுங்கையூர், பெருங்குடி ரெண்டும் எல்லைக்குள்ள இருக்கிறதால அந்த மீத்தேன் நகரத்தோட நேரடிக் கணக்கு, இதே குப்பையை பக்கத்து ஊருக்கு லாரில அனுப்புற நகரம் அதை ஸ்கோப் 3ல எழுதணும்.

2023ல சென்னை மாநகராட்சி காலநிலை செயல் திட்டம்னு ஒண்ணு வெளியிட்டுச்சு, 2050க்குள்ள நெட் ஜீரோன்னு இலக்கு, அதாவது விடுறதுக்கும் உறிஞ்சுறதுக்கும் கணக்கு நேராகணும். நாட்டோட இலக்கு 2070, அதுக்கு 20 வருஷம் முன்னாடி. ஆசை பெருசு, வருஷா வருஷம் கணக்கு வெளிய வருதான்னு பாக்கணும்.

அப்போ அந்த ஏ கிரேடு

லண்டன்ல 2000ல கார்பன் டிஸ்க்ளோஷர் புராஜெக்ட்னு ஒரு அமைப்பு ஆரம்பிச்சாங்க, இப்போ சுருக்கமா சிடிபி, அந்த கிரேடு குடுக்குறது இவங்கதான். அவங்க யோசனை ரொம்ப எளிமை: நாமளா கேட்டா கம்பெனி பதில் சொல்ல மாட்டான், அவனுக்கு காசு போட்டவன் பேர்ல கேட்டா சொல்லுவான். பெரிய முதலீட்டாளர்கள் கையெழுத்தோட கேள்வித்தாள் அனுப்புனாங்க. இன்னைக்கு 20,000க்கும் மேல கம்பெனிங்க பதில் குடுக்குது, நகரங்களுக்கும் தனி கேள்வித்தாள் இருக்கு.

கிரேடு படிக்கட்டு மாதிரி. கேள்விக்கு பதில் எழுதுனா டி. எழுதுனது புரிஞ்சுதான் எழுதியிருக்கான்னா சி. சமாளிக்க ஏற்பாடு இருந்தா பி. இலக்கு, திட்டம், வெளியாள் சரிபார்ப்பு எல்லாம் வலுவா இருந்தா ஏ. கேட்டும் பதிலே சொல்லலைன்னா எஃப். அப்போ நிறைய புகை விடுற ஆலை கூட ஏ வாங்கலாம், புகையே இல்லாத சின்ன கம்பெனி பதில் அனுப்ப மறந்து எஃப் வாங்கலாம். ஸ்கூல்ல நோட்டு அழகா வச்சிருக்கிறதுக்கு குடுக்குற மார்க்கும் பரீட்சை மார்க்கும் வேற வேறல்ல?

சிடிபிக்கு பதில் சொல்றது விருப்பம், ஆனா நம்ம நாட்டுல பெரிய கம்பெனிகளுக்கு கணக்கு வெளியிடுறது விருப்பப் பாடம் கிடையாது. செபி, அதாவது பங்குச்சந்தையை மேய்க்கிற அமைப்பு, 2012ல முதல் 100 கம்பெனிகிட்ட ஒரு பொறுப்பு அறிக்கை கேக்க ஆரம்பிச்சுது. 2021ல அதை மாத்தி பிஆர்எஸ்ஆர்னு விரிவான ஃபாரம் கொண்டு வந்து, 2022-23ல இருந்து சந்தை மதிப்புல முதல் 1000 கம்பெனிக்கு கட்டாயமாக்குச்சு.

ஏமாறாம படிக்க

"கார்பன் 20% குறைச்சோம்"னு விளம்பரம் வந்தா முதல்ல கேக்க வேண்டியது, எதுல 20%. ஒரு கம்பெனி 100 கோடி வியாபாரத்துல 1000 டன் விட்டுச்சு, கோடிக்கு 10 டன். அடுத்த வருஷம் 150 கோடி வியாபாரம், 1200 டன், கோடிக்கு 8. கோடிக்கு 20% குறைஞ்சுது, மொத்தத்துல 20% கூடிச்சு. ரெண்டும் பொய் இல்ல. கோடிக்கு எவ்வளவுங்கிறதை இன்டென்சிட்டின்னு சொல்வாங்க, விலைவாசி ஏறி வியாபாரத் தொகை பெருத்தாலே அது குறைஞ்ச மாதிரி காட்டும். வானத்துக்கு மொத்த டன் மட்டும்தான் தெரியும்.

அடுத்து எந்த வருஷத்தோட ஒப்பிடுறாங்க. அதுக்கு அடிப்படை ஆண்டுன்னு பேரு. லாக்டவுன்ல ஃபேக்டரி மூடுன 2020-21ஐ அடிப்படை ஆண்டா வச்சா கம்பெனிக்குத்தான் கஷ்டம், ஏன்னு நீங்களே கண்டுபிடிச்சிருப்பீங்க. அந்த வருஷத்து குறைப்பை சாதனையா காமிச்சிருந்தா மட்டும் உஷாரா இருங்க.

அப்புறம் வெளியாள் யாராவது சரிபாத்தாங்களா. முதல் 150 கம்பெனிக்கு 2023-24ல இருந்து இதையும் செபி கொண்டு வந்துச்சு, படிப்படியா மத்தவங்களுக்கும். பிஆர்எஸ்ஆர் ஃபாரத்துலயே இந்தக் கேள்வி இருக்கு, ஆமா இல்லன்னு ஒரு வரில பதில் சொல்லியிருப்பாங்க.

கையில ஷேர் இருக்கோ இல்லையோ, ஏதாவது ஒரு பெரிய கம்பெனியோட ஆண்டறிக்கை பிடிஎஃப்பை இறக்குங்க, இலவசம்தான். அதுல பிஆர்எஸ்ஆர் பகுதிக்குப் போய் ஆறாவது கொள்கையைத் தேடுங்க, சுற்றுச்சூழல் முழுக்க அங்கதான். கரண்ட், தண்ணி, கழிவு, ஸ்கோப் 1, ஸ்கோப் 2 எல்லாம் இந்த வருஷம் போன வருஷம்னு பக்கத்துல பக்கத்துல இருக்கும். கொஞ்சம் கீழ போனா ஸ்கோப் 3, அது கட்டாயம் இல்லாத பகுதி, அதனால பல பேர் அந்தக் கட்டத்தை காலியா விட்டிருப்பாங்க, சில பேர் "பொருந்தாது"ன்னு போட்டிருப்பாங்க. பொருளை வாங்கி, லாரில ஏத்தி, கடைக்கு அனுப்புற ஒரு கம்பெனிக்கு ஸ்கோப் 3 எப்படி பொருந்தாம போகும்னு எனக்குப் புரியல. உங்ககிட்ட அந்த கம்பெனியோட ஷேர் ஒண்ணே ஒண்ணு இருந்தாலும் வருஷாந்திர பொதுக்கூட்டத்துல அதைக் கேக்கலாம், இப்பல்லாம் நிறைய கூட்டம் வீடியோலயே நடக்குது.